வாடிவாசலிலிருந்து 15 மீட்டர்

தேனி மாவட்டத்தில் மாட்டின் ஓட்டத்தைச் சோதித்துப் பார்க்க இரண்டு களங்கள் உண்டு. ஒன்று மாட்டுவண்டிப் பந்தயம். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று மாட்டின் அளவை வைத்துப் பிரிவு பிரித்து, சாலையில் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டுவார்கள். மற்றொன்று, அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி போன்ற ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் ஜல்லிக்கட்டு. அங்கே மாட்டுக்கும் மாடுபிடி வீரருக்கும் இடையிலான வழக்கு, வாடிவாசலை விட்டு ஏறக்குறைய 15 மீட்டருக்குள் தீர்ந்துவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டும்வரை, அல்லது மாடு மூன்று துள்ளு துள்ளும்வரை திமிலை விடாமல் அணைந்திருந்தால் வெற்றி வீரருக்கு, உதறிவிட்டால் மாட்டுக்கு. இரண்டு களத்திலும் ஜெயிக்கும் மாட்டை ஊர் ‘வேகமான மாடு’ என்றே சொல்கிறது. ஆனால் வண்டி மாட்டை வாடியில் அவிழ்க்கும் வழக்கமில்லை; வாடி மாட்டை நுகத்தில் பூட்டும் வழக்கமும் இல்லை. வளர்ப்பவர்கள் அனுபவத்தில் கண்ட இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் தெளிவான இயற்பியல் இருக்கிறது. குறுகிய களத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது உச்ச வேகமன்று; இருக்கும் வேகத்தையும் திசையையும் எவ்வளவு சீக்கிரம் மாற்ற முடியும் என்பதே. அதே திறமைதான் ஓடும் உடம்பின் ஆயுளையும் தின்கிறது. இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது இந்த ஒன்றைத்தான்.

இதே கணக்கை மனித உடம்பில் போட்டுப் பார்க்க அமெரிக்கக் கால்பந்து வசதியான களம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் நடுவே புகுந்து ஓடுபவர் அதில் ‘ரன்னிங் பேக்’. எதிரணி உதைத்தனுப்பும் பந்தைப் பிடித்து அதே வேகத்தில் எதிர்த்து ஓடிவருபவர் ‘ரிட்டர்னர்’. இருவரையும் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளப் பதினொரு பேர் காத்திருப்பார்கள். வாடியை விட்டு வெளியே வரும் காளைக்கும், பாடிக்கொண்டு ஏறும் கபடி ரெய்டருக்கும் நேர்வது ஏறத்தாழ இதுதான். அந்த நாட்டு அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது 40 கெஜம், அதாவது சுமார் 36.6 மீட்டர், நேர்க்கோட்டில் ஓடவிட்டு நேரம் குறிக்கின்றன. 2008 இல் கிறிஸ் ஜான்சன் என்ற ரன்னிங் பேக் அந்தத் தூரத்தை 4.24 நொடியில் கடந்தார். அடுத்த ஆண்டே டென்னசி டைட்டன்ஸ் அணிக்காக ஒரே பருவத்தில் 2,006 கெஜம் ஓடினார். ஹூஸ்டன் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஒரே ஓட்டத்தில் 91 கெஜம் போனார். ஆனால் அந்த விளையாட்டின் வரலாற்றில் மிக அதிகத் தூரம் ஓடிய ரன்னிங் பேக் அவரில்லை; எம்மிட் ஸ்மித். 1990 இல் ‘உயரம் போதாது, வேகம் போதாது’ என்று பலரும் தயங்கிய ஸ்மித்தை, 17 ஆவது தேர்வாகத்தான் டல்லஸ் அணி எடுத்துக்கொண்டது. அவர் 15 பருவங்கள் ஆடி 18,355 கெஜம் ஓடினார். ஜான்சனின் மொத்தக் கணக்கு 10 பருவங்களில் 9,651. நேர்க்கோட்டு வேகமே எல்லாம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இதற்கு விடை தேட உசேன் போல்ட்டின் ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கலாம். 2009 இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். அதில் முதல் 10 மீட்டருக்கு மட்டும் 1.89 நொடி பிடித்தது. அறுபதாவது மீட்டருக்கும் எண்பதாவது மீட்டருக்கும் இடையே 20 மீட்டரை 1.61 நொடியில் கடந்தார். அதாவது நொடிக்கு 12.4 மீட்டர். முதல் 10 மீட்டரில் அவருடைய சராசரி வேகம் இதில் பாதிகூட இல்லை. உலகத்தின் மிக வேகமான மனிதரே தன் முழு வேகத்தைத் தொட 60 மீட்டர் தேவைப்பட்டது என்றால், 15 மீட்டர் களத்தில் உச்ச வேகம் என்பது பெட்டியில் பூட்டி வைத்த நகை. கபடியில் நிலைமை இன்னும் இறுக்கம். ஆண்கள் ஆடுகளத்தின் ஒரு பாதி 6.5 மீட்டர்தான் ஆழம், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. முப்பது நொடிக்குள் போய்த் தொட்டுத் திரும்ப வேண்டிய ரெய்டருக்கு மூன்று நான்கு எட்டுக்கு மேல் ஒரே திசையில் ஓட இடமே கிடையாது. அமெரிக்கக் கால்பந்திலும் பெரும்பாலான ஓட்டங்கள் சில கெஜங்களிலேயே மறிக்கப்பட்டு முடிகின்றன. ஆகவே இந்த மூன்று களத்திலும் பயன்படுவது நின்ற நிலையிலிருந்து கிளம்பும் விசையும், கிளம்பிய பிறகு நிற்கவும் திரும்பவும் உள்ள வலுவும்தான்.

திரும்புதலின் கணக்கு எளியது, ஆனால் அதன் விளைவு பலரும் எதிர்பாராதது. வளைந்து ஓடும் உடம்பை உள்நோக்கித் தள்ளுவது காலுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. அதற்கு ஓர் எல்லை உண்டு. நல்ல பிடிப்புள்ள தரையில் அந்த எல்லை நொடிக்கு நொடி 8 மீட்டர் வேகமாற்றம் என்று வைத்துக்கொள்வோம். தேவைப்படும் வேகமாற்றம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பாயும் மாடு திரும்ப வேண்டுமானால், குறைந்தது 8 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டம் போட வேண்டும். பாதிக் களம் அதிலேயே போய்விடும். வேகத்தை 3 மீட்டராகக் குறைத்துக்கொண்டால், ஒரு மீட்டரை ஒட்டிய ஆரத்தில், ஏறத்தாழ நின்ற இடத்திலேயே சுழலலாம். இப்போது திமிலில் தொங்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். மாடு நேராக ஒரே வேகத்தில் ஓடினால், அவரும் கூட ஓடிவந்தால் போதும். கைக்குப் பெரிய வேலையில்லை. மாடு ஒரு மீட்டர் ஆரத்தில் சுழன்றால், 70 கிலோ எடையுள்ளவர் வெளிப்பக்கம் வீசியெறியப்படாமல் இருக்க, சுமார் 57 கிலோ எடையைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் அளவு வலுவைக் கையில் காட்ட வேண்டும். அதாவது மெதுவாகச் சுழலும் மாடு, வேகமாக நேரே ஓடும் மாட்டைவிடப் பிடிப்பதற்குக் கடினம். ‘சுத்து மாடு’, ‘நின்னு விளையாடுற மாடு’ என்று வாடியோரத்தில் தனி மரியாதையோடு சொல்லும் மாடுகளின் ரகசியம் இந்த வர்க்கக் கணக்கில்தான் இருக்கிறது.

மாட்டின் உடலமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. 350 கிலோ எடையுள்ள காளை நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறது, நின்றுகொண்டிருக்கும் 70 கிலோ மனிதர் அதை அணைகிறார் என்று கொண்டால், உந்தம் மாறாத விதிப்படி அதன் வேகம் 6 இலிருந்து 5 ஆகத்தான் குறையும். ஒற்றை ஆள் காளையை நிறுத்துவது நடக்காத காரியம். அதனால்தான் விதி நிறுத்தச் சொல்லவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கச் சொல்கிறது. ஒட்டிக்கொள்ளும் இடமான திமிலோ சும்மா கிடக்கும் சதைப் பொதி அன்று. தோள்பட்டை எலும்பை மேலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் தசையும் கொழுப்பும் சேர்ந்ததுதான் நம் நாட்டு மாட்டின் திமில். மாட்டுக்கு நம்மைப்போல் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் நெஞ்சுக்கூட்டோடு எலும்பால் இணைக்கப்படவில்லை, தசைத் தொட்டிலில் தொங்குகின்றன. உடம்பின் எடையில் பாதிக்கு மேல் அந்த முன்னங்கால்கள்மீதுதான் நிற்கிறது. மாடு ஒரு முன்னங்காலை ஊன்றித் திரும்பும்போது தோள்பட்டை மேலேறுகிறது, திமில் அந்தப் பக்கம் சாய்கிறது, அதைச் சுற்றியிருக்கும் தளர்ந்த தோல் எதிர்ப்பக்கம் வழுகுகிறது. பிடித்திருப்பவரின் கைக்குள்ளேயே பிடி இடம் மாறுகிறது. மாடுபிடி வீரர்கள் கை விரல்களை நம்பாமல், முழங்கையை மடக்கித் திமிலைக் கக்கத்துக்குள் கொண்டுவந்து நெஞ்சோடு அணைவது இதனால்தான்.

ஓடுபவரின் உடம்பு பாதிக் கதை. மறிப்பவரின் மூளை மீதி. கண்ணால் கண்டதற்கு ஏற்பக் கை கால் அசையத் தொடங்க மனிதருக்குச் சுமார் 0.2 நொடி ஆகும். அதற்குள் நொடிக்கு 6 மீட்டரில் வரும் எதுவும் 1.2 மீட்டர் நகர்ந்துவிடும்; கை நீட்டிய தூரத்தில் இருந்தது கை எட்டாத தூரத்துக்குப் போய்விடும். இதைவிட முக்கியம், ஒரு சமிக்ஞைக்கு உடம்பு பதில் சொல்லத் தொடங்கிய உடனே அடுத்த சமிக்ஞை வந்தால், இரண்டாவதற்கான பதில் வழக்கத்தைவிடத் தாமதமாகும். உளவியல் சோதனைக்கூடங்களில் பல பத்தாண்டுகளாக உறுதி செய்யப்பட்ட உண்மை இது. இடப்பக்கம் ஒரு பாவ்லா காட்டி வலப்பக்கம் புகும் ரெய்டர், தன்னை அறியாமலே இந்தத் தாமதத்தை அறுவடை செய்கிறார். ரிட்டர்னர்களில் பெயர்பெற்ற டெவின் ஹெஸ்டரின் ஆட்டமும் இப்படித்தான். 2007 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில், முதல் உதையையே பிடித்து 92 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார்; எதிரணியினர் ஒரு பக்கம் எடை மாற்றும் நொடிக்காகக் காத்திருந்து மறுபக்கம் வெட்டித் திரும்புவதில் அவருக்கு இணை இல்லை. 2024 இல், பெரும்பாலும் ரிட்டர்னராகவே அறியப்பட்டவர்களில் முதலாவதாக, அந்த விளையாட்டின் புகழரங்கில் அவருக்கு இடம் கிடைத்தது.

காளை பாவ்லா காட்டுவதில்லை. ஆனால் அதற்கு வேறு அனுகூலங்கள் உண்டு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், மாட்டால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய 330 பாகைக்குப் பார்க்க முடியும். நேர் பின்னால் மட்டும் ஒரு குருட்டு இடம். பக்கவாட்டிலிருந்து பாய்கிற மனிதரைத் தலை திருப்பாமலே அது கண்டுகொள்கிறது. எவ்வளவு நெருங்கினால் மாடு விலகும் என்பதற்கு ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. மனித வாடை குறைவாகப் பழகிய மாட்டுக்கு அந்த எல்லை பெரியது. கம்பம் பள்ளத்தாக்கு முதல் சிவகங்கை வரை காணப்படும் புலிக்குளம் மாடு, கட்டுத்தறியில் ஒற்றையாக வளர்ந்த இனம் அல்ல. கீதாரிகள் மந்தையாக ஓட்டிச் சென்று, இரவில் அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காகக் கிடை போட்டு, பகலில் மேயவிட்டு வளர்த்த மாடு. இதே பள்ளத்தாக்கின் மலை மாடுகளோ மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் மேய்ந்தவை. மிரட்சியும் விழிப்பும் இவற்றின் வளர்ப்பிலேயே ஊறியவை. மலைச் சரிவில் இறங்கும் ஒவ்வோர் எட்டிலும் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். திரும்புவதற்குத் தேவையான தசைப்பயிற்சியும் அதே வகைதான். வாடியில் இந்த மாடுகள் பேர் வாங்குவதில் அந்த மேய்ச்சலுக்கும் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது. 2021 இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அமைந்ததையும், அடுத்த ஆண்டு காப்பகங்களில் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்ததையும் தொடர்ந்து அந்த மேய்ச்சல் சுருங்கிவருகிறது. காட்டைக் காப்பதன் நியாயத்தை மறுக்காமலே, அதனால் இந்த மாடுகளின் உடல்திறன் மாறக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி விலையைப் பார்ப்போம். ஓடும் உடம்பு திரும்ப வேண்டுமென்றால் முதலில் நிற்க வேண்டும். நிற்கும் அந்த ஓர் ஊன்றலில், உடம்பு எடையைப்போல் பல மடங்கு விசை ஒற்றைக் காலின் வழியாகத் தரைக்குப் போகிறது. முழங்கால் மடங்கவும் நீளவும் படைக்கப்பட்டது. முறுக்குவதற்கு அதில் இடம் குறைவு. அந்த முறுக்கலைத் தாங்கும் முன்புறக் குறுக்கு இணைப்புநார், ஆட்டக்காரர்கள் ‘ஏசிஎல்’ என்று அஞ்சிப் பேசும் அந்த நார், பெரும்பாலும் யாரும் வந்து மோதாமலே, திடீரென்று நின்று திரும்பும்போதுதான் அறுகிறது. 2022 ஏலத்தில் 2.26 கோடி ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் அணி எடுத்த ரெய்டர் பவன் செராவத், அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம்பட்டு மீதிப் பருவம் முழுவதையும் இழந்தார். மறு ஆண்டு ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் இந்திய அணித் தலைவராகத் தங்கம் வென்றார் என்பது அவருடைய மீட்சியின் சிறப்பு. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. ஓட்ட வாழ்க்கையில் முதலில் தேய்வது உச்ச வேகமன்று என்பதற்கு ஜாவிட் பெஸ்ட் நல்ல சான்று. டெட்ராய்ட் அணியின் அதிவேக ரன்னிங் பேக்காக இருந்த அவர், தலையில் பட்ட அதிர்ச்சிகளால் 2011 க்குப் பிறகு ஆட முடியாமல் போனார். ஆனால் 2016 ரியோ ஒலிம்பிக்கில் செயின்ட் லூசியா நாட்டுக்காக 100 மீட்டர் ஓடினார். நேர்க்கோட்டு வேகம் அவரிடம் அப்படியே இருந்தது. மோதலைத் தாங்கும் உடம்பைத்தான் இழந்திருந்தார். ஸ்மித்தின் 15 பருவங்களையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். தேவைக்கு மேல் வேகம் எடுக்காதவர், தேவைக்கு மேல் நிறுத்தவும் வேண்டியிருக்கவில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. வாடியைத் திறந்ததும் யாரையும் சட்டை செய்யாமல் அம்பாகப் பாய்ந்து போய்விடும் மாடுகளும் ஜெயிக்கின்றனவே, அவை திரும்புவதே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவற்றுக்கும் கைகொடுப்பது உச்ச வேகமில்லை, வாசலை விட்டுக் கிளம்பும் முதல் இரண்டு மூன்று பாய்ச்சலின் விசை. எல்லை 15 மீட்டரில் முடிந்துவிடுவதால் கிளம்பும் விசை மட்டுமே போதுமானதாகிறது. எல்லையை 100 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் கதை மாறும். அப்போது ஆட்டமே மாட்டுவண்டிப் பந்தயத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஜான்சனின் 91 கெஜ ஓட்டமும் இதற்கு மாறானதன்று. தடுப்பாளர் வரிசையைத் தாண்டிய பிறகு அவருடைய உச்ச வேகம் வேலை செய்தது. அந்த வரிசைக்குள் இடைவெளியைக் கண்டு நுழைந்த முதல் சில கெஜங்கள் வேறு திறமையின் கணக்கில் சேரும். அந்த நுழைவு கிடைக்காத நாள்களில் 4.24 நொடி எந்த உதவியும் செய்யவில்லை என்பதை அவருடைய பிற்காலப் பருவங்கள் காட்டின.

இன்னோர் எதிர்வாதம் கனமானது. ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு ஓடுகிறார். காளை அப்படியில்லை, அதை ஆட்டக்காரரோடு ஒப்பிடுவதே தவறு என்பது அது. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டைத் தடை செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், காளை ஓடுவது அச்சத்தால் என்று சுட்டிக்காட்டியது. 2017 மெரினா போராட்டத்துக்குப் பிறகு வந்த தமிழகச் சட்டத்தை, 2023 மே மாதம் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது. சட்டப்படி கேள்வி முடிந்திருக்கலாம், அறிவியல்படி முடியவில்லை. விசைக்கும் உராய்வுக்கும் ஓடுபவரின் மனநிலை தெரியாது என்பதால், இயற்பியல் ஒப்பீடு செல்லும். சம்மதம் என்பது இயற்பியலில் இல்லாத பொருள் என்பதால், ஒப்பீடு அத்தோடு நிற்கிறது. மூட்டு வலித்தால் ஆட்டக்காரர் களத்தை விட்டு வெளியேறலாம், மருத்துவரிடம் போகலாம், அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லலாம். மாட்டுக்காக அந்த முடிவை வேறொருவர்தான் எடுத்தாக வேண்டும். ஆகவே இந்த எதிர்வாதம் என் வாதத்தை முறிப்பதில்லை. அதிலிருந்து பிறக்கும் பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பதைத் தெளிவாக்குகிறது.

அந்தப் பொறுப்பை இந்தப் பள்ளத்தாக்கின் மாடு வளர்ப்பவர்கள் ஓரளவு ஏற்கெனவே சுமந்துதான் வருகிறார்கள். கம்பம் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவத்தில் பட்டத்துக் காளையை வணங்கும் ஊருக்கு மாட்டின் அருமை தெரியாமல் இருக்காது. வாடி மாட்டைக் கண்மாயிலும் கிணற்றிலும் நீந்தவிடும் பழக்கம் விளையாட்டு மருத்துவர்கள் பாராட்டக்கூடியது. நீர் உடம்பின் எடையைத் தாங்கிக்கொள்வதால் மூட்டில் அடி விழாமல் தசைக்கு முழு வேலை கிடைக்கிறது. முழங்கால் காயத்திலிருந்து மீளும் ஆட்டக்காரரையும் இதனால்தான் நீச்சல் குளத்தில் இறக்குகிறார்கள். கொம்பால் மண் குத்தவிடுவது கழுத்தையும் தோளையும், அதாவது திமிலைத் தாங்கும் அந்தத் தசைத் தொட்டிலையே வலுப்படுத்துகிறது. களத்தில் தென்னை நார் பரப்புவது விழுகிற அடியைத் தணிக்கிறது. விடுபட்டுப்போவது ஒன்றுதான், ஓய்வு. தை பிறந்துவிட்டால் வைகாசி வரை ஊருக்கு ஊர் வாடி திறக்கிறது. பேர் வாங்கிய மாட்டை வண்டியில் ஏற்றி அடுத்தடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் ஆசை இயல்பானது. ஆனால் மாடு எத்தனை வாடி கண்டது என்பதை மட்டும் எண்ணினால் போதாது. ஒவ்வொரு வாடியிலும் அது எத்தனை முறை காலை ஊன்றித் திரும்பியது என்பதையும் எண்ண வேண்டும். நன்றாகச் சுற்றி விளையாடிய மாட்டுக்குத்தான் மூட்டுத் தேய்மானம் அதிகம். நேரே ஓடிப்போன மாட்டைவிட அதற்குத்தான் நீண்ட ஓய்வு வேண்டும். பரிசோதனை செய்யும் கால்நடை மருத்துவர்கள் வயதையும் உயரத்தையும் பார்ப்பதோடு, முன்னங்கால் மூட்டுகளைத் தடவிப் பார்த்து, கடைசியாக எப்போது அவிழ்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும். நன்றாக ஆடிய மாட்டை அடுத்த வாரமே இன்னொரு வாடிக்கு ஏற்றாதீர்கள்.